சவரி வேலைக்கு வராத வியாழக்கிழமை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று மையத்திலிருந்து அழைத்தார்கள். "ஏதாவது வெற்றிக் கதையாச் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். வெற்றிக் கதை சொல்வதில் ஒரு காலத்தில் நான் பெரிய கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் செர்டாங் சந்தையில், ஊதா நிறப் பட்டு பாஜு குரோங் உடுப்பின் மேல் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கெம்போங் மீன் விற்றேன். அதைச் சொல்கிறேன். வெற்றியா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த காலத்தில் நம் மையம் செர்டாங்கில் ஒரு பழைய கடைவீட்டில் இருந்தது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பதின்மூன்று பேர் பகலில் வந்து போனார்கள். பாதிப் பேர் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். மெழுகுவத்தி செய்தோம், துணி மடித்தோம், பாட்டுப் பாடினோம். பத்து மணிக்கு எல்லோருக்கும் மைலோ. அன்பாகத்தான் இருந்தோம். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஒரு நாள் மைலோ டின் காலி. அவசரத்துக்குக் கோப்பி கலக்கி, "இன்னிக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். சவரிமுத்து என்பவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"இன்னும்."

"கோப்பி பிடிக்குமா சவரி?"

"மைலோ பிடிக்காது."

"இத்தன வருஷமா குடிச்சீங்களே. சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கல" என்றார்.

அவர் மையத்துக்கு வர ஆரம்பித்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர் கோப்பி, இரண்டு பேர் தேத்தண்ணி, ஒருவர் வெறும் தண்ணீர். மைலோ பிடித்தவர்கள் மூன்று பேர்தான். நான்காவது ஆள் நான்.

இந்தச் சவரிமுத்துவைப் பற்றித்தான் இனிப் பேச்சு. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒல்லியான, குள்ளமான மனிதர். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, தலையை வகிடெடுத்து வாரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தெரியாதவர்கள் பள்ளிக்கூட மேலாளர் என்று நினைப்பார்கள். படிக்கத் தெரியாது. பேச்சும் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் போகாது. ஆனால் காதில் விழுந்ததை விழுந்த மாதிரியே திருப்பிச் சொல்வார், அதுவும் தோட்டமே திரும்பிப் பார்க்கிற குரலில். மனுஷர் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் படைத்திருந்தார் ஆண்டவர்.

அந்தக் குரலால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் ஒரு வரி சொன்னால் சவரி அதே வரியைக் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார். கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அப்புறம் வெளி வராந்தாவுக்கு மாற்றினார்கள். வீட்டில் அவருடைய அக்கா பிலோமினா "ஷ்" என்பார். மையத்தில் நான் "ஷ்" என்பேன். அவருடைய கோப்பில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன்: "குரலைக் குறைக்கப் பழக்க வேண்டும்." ஒவ்வொரு வருடமும் அதையே எழுதினேன்.

பிலோமினா அக்கா தோட்டத்துக் கிளினிக்கில் வேலை செய்தவர். அம்மா அப்பா போன பிறகு தம்பியைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துப் பார்த்தார். அவரைப் "பையன்" என்றுதான் சொல்வார். "பையனுக்கு என்ன டீச்சர் தெரியும், சோறு போட்டாச் சாப்புடுவான்" என்பார். பையனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

மைலோ விஷயத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரையும் உட்கார வைத்து, "எங்கேயாவது போகலாம், எங்கே போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். தஞ்சோங் டாவாய்க்குப் போய்ப் படகு பார்த்துவிட்டு வரலாம் என்று நான் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டிருந்தேன் என்பது வேறு விஷயம். சவரி, "மீன் ஏலம்" என்றார். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். கோத்தா கோலா மூடாவில் படகுகள் கரைக்கு வந்ததும் நடக்கிற ஏலம். மற்றவர்களும் "மீன் ஏலம்" என்று பிடித்துக்கொண்டார்கள். படகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டிய நம் பழைய வேனில் கோத்தா கோலா மூடாவுக்குப் போனோம்.

அங்கே நடக்கும் ஏலத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அது சத்தம் போடாத ஏலம். மீன் கூடைகளைத் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். ஏலம் எடுக்கிறவர் நடுவில் நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவர் தோளில் கையைப் போட்டு, காதோடு காதாகத் தங்கள் விலையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு சொன்னார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியாது. அதில்தான் வியாபாரத்தின் உயிரே இருக்கிறது.

நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுதான் வந்தது. பதின்மூன்றாவது ஆள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏலம் எடுப்பவருக்குப் பக்கத்தில், அவருடைய உதவியாளர் மாதிரி நின்றிருந்தார். கூட்டத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. சட்டை அப்படி.

முதல் வியாபாரி வந்து குனிந்து முணுமுணுத்தார்.

"தூஜோ புலோ" என்றார் சவரி. எழுபது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

ஏலம் எடுப்பவர் சவரியைப் பார்த்தார். சவரி மரியாதையாகத் தலையசைத்தார். இரண்டாவது வியாபாரி இது ஏதோ தவறுதல் என்று நினைத்திருக்க வேண்டும். தோள் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு இன்னும் நெருங்கிப் போய்ச் சொன்னார்.

"தூஜோ புலோ தீகா" என்றார் சவரி. எழுபத்து மூன்று.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து யாரோ சும்மா இருக்க முடியாமல் "எண்பது" என்று வாய்விட்டே கத்திவிட்டார். அதற்கு இன்னொருவர் எண்பத்தைந்து. நான் கூடைகளைத் தாண்டித் தாண்டி ஓடி வருவதற்குள் அது சாதாரணச் சந்தை ஏலம் ஆகிவிட்டது. வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் கோபம். அந்தக் கூடையைப் பிடித்து வந்த மீனவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவரை நாளைக்கும் கூட்டி வருவீர்களா என்று கேட்டார்.

நான் ஆளுக்கு ஒரு மன்னிப்பு என்று கேட்டுக்கொண்டே சவரியை வேனை நோக்கி இழுத்தேன். பின்னாலேயே ஒரு பெண் வேகமாக வந்தார். முழங்கால் வரை பூட்ஸ், கையில் காலிக் கூடை. நம் செர்டாங் சாயங்காலச் சந்தையில் மீன் கடை போடுகிற கமலா. அந்தக் கூடையைக் குறைந்த விலைக்கு எடுத்துவிடலாம் என்று அவரும் கணக்குப் போட்டிருந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து இன்னொரு மன்னிப்பை எடுத்து வைத்தேன்.

"டீச்சர், இந்த அண்ணன் எங்க வேலை செய்றாரு?"

"வேலை இல்லீங்க. நம்ம மையத்துக்கு வர்றாரு. மெழுகுவத்தி செய்வாரு."

"இந்தக் குரல வச்சுக்கிட்டு மெழுகுவத்தியா?" என்றார் கமலா. அப்புறம் என்னை விட்டுவிட்டு அவரிடமே திரும்பினார். "அண்ணே, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. டாக்டர் கத்தாதேங்குறாரு. வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் நம்ம கடைல வந்து மீன் கூவுறீங்களா? சம்பளம் குடுக்குறேன்."

சவரியை அதுவரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கொஞ்ச நேரம் கமலாவின் பூட்ஸைப் பார்த்தார்.

"எனக்கும் பூட்ஸ்?"

"வாங்கித் தாறேன்லா."

"வர்றேன்" என்றார்.

அவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை இழுத்தடித்தது நாங்கள்தான். பிலோமினா அக்கா முடியவே முடியாது என்றார். ஊரே பார்த்துச் சிரிக்கும், கத்தி இருக்கும், மழை பெய்யும், யாராவது ஏமாற்றுவார்கள். நானும் என் பங்குக்கு, முதலில் மூன்று மாதம் பயிற்சி கொடுப்போம், பிளாஸ்டிக் மீன் வைத்துப் பழக்குவோம் என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜமாகவே பிளாஸ்டிக் மீன் வாங்கிவிட்டேன். சவரி அதை எடுத்துப் பார்த்து, முகர்ந்து, என் மேசையில் திருப்பி வைத்தார். அடுத்த வியாழக்கிழமை நான்கு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் மையத்திலிருந்து சந்தைக்கு நடந்து போய்விட்டார். ஒரே ஒரு சாலையைக் கடக்க வேண்டும். அங்கே அவர் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்ததை, நாங்கள் அவரைத் தேடிச் சாலைக்கு வந்தபோது நின்ற இடத்திலிருந்தே கேட்டோம்.

"மாரி மாரி, கெம்போங் கெம்போங். வாங்க வாங்க, இப்ப வந்தது."

கமலாவின் கடையில் கூட்டம் கூடியது. சிரிக்க வந்தவர்கள் சிலரும் உண்டு, அக்கா பயந்த மாதிரி. அவர்களும் மீனை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். நான்கே மாதத்தில் சவரி சந்தையில் ஒரு ஆளாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளியே நின்று பெண்கள், "சவரி, அடுத்த வாரம் நண்டு வருமா?" என்று கேட்டார்கள். பிலோமினா அக்கா தம்பியின் ஏப்ரனைத் தன் கையால் துவைத்து இஸ்திரி போட்டார். ஏப்ரனை யாராவது இஸ்திரி போடுவார்களா?

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பித்தது. நமக்கு ஒரு வெற்றிக் கதை கிடைத்துவிட்டது. சும்மா விடுவேனா? சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் குழு வந்தது, சந்தைக்குக் கூட்டிப் போனேன். பிறகு ஒரு மாதர் சங்கம், அப்புறம் வேறு மையத்து ஆசிரியர்கள். ஒவ்வொரு முறையும் கடைக்கு முன்னால் நின்று, சவரியின் தோளில் கையை வைத்து, அவர் நம்மிடம் வரும்போது எப்படி இருந்தார், என்னென்ன தெரியாமல் இருந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுவேன். கேட்பவர்கள் கண் கலங்கும். எனக்கும் கலங்கும். சவரி அந்த நேரம் கூவுவதை நிறுத்திவிட்டு மீன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் நம் வேன் இனி ஓடாது என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். வேன் இல்லையென்றால் தோட்டத்திலிருந்து வருகிற ஆறு பேர் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான். புது வேனுக்கு விண்ணப்பித்திருந்தேன். அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. மையத்தை அல்ல, சந்தையில் வேலை செய்கிற சவரிமுத்துவைப் பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு.

அந்த வியாழக்கிழமை சவரி மையத்துக்கும் வரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிலோமினா அக்கா போன் செய்தார்.

"டீச்சர், பையன் இன்னிக்கு வேலைக்குப் போகலயாம்."

பறந்து போனேன். சவரி கைலியும் பனியனுமாக நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டேன். இல்லை.

"ஏன் சவரி, என்ன ஆச்சு?"

"இன்னிக்கு இல்ல."

"கமலா பாவம் இல்லையா? தொண்டை வலிக்குமே."

"சொல்லிட்டேன். போன்ல."

"பெரிய அதிகாரி வர்றாரு. உங்களைப் பாக்கத்தான் வர்றாரு."

"தெரியும்."

"கோப்பி வாங்கித் தர்றேன். அப்பம் பாலேக் வாங்கித் தர்றேன்." ஒரு நாற்பத்திரண்டு வயது மனிதரிடம் நான் இப்படித்தான் பேசினேன்.

முதலில் இந்த வேலையே வேண்டாம் என்ற பிலோமினா அக்கா இப்போது இஸ்திரி போட்ட ஏப்ரனோடு நின்றார். "வேன் வரணும்ல, எந்திரிடா. டீச்சர், நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். கார்ல ஏத்திடலாம்."

முடிந்திருக்கும். சொன்னேனே, ஒல்லியான மனிதர். இரண்டு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். நான் ஒரு அடி எடுத்தும் வைத்தேன். அப்போது அவருடைய கைகளைப் பார்த்தேன். தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நாற்காலியின் இரண்டு விளிம்பையும் விரல் வெளுக்க வெளுக்கப் பிடித்திருந்தார். தூக்கிக்கொண்டு போகப்பட்டுப் பழக்கப்பட்ட ஒருவரின் கைகள் அவை. சின்ன வயதில் ஊசி போட, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே விட, கோயிலில் வராந்தாவுக்கு. ஒருமுறை நானே துணி மடிக்கும் மேசைக்கு அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன்.

வேனுக்காகக் காத்திருக்கும் ஆறு பேரின் முகமும் எனக்குத் தெரிந்தது. நின்ற இடத்தில் நின்று இரண்டையும் எடை போட்டேன் என்று சொன்னால் பொய். எனக்கு அவருடைய விரல்கள்தான் தெரிந்தன.

"சரி சவரி. வேணாம்னா வேணாம்" என்றேன்.

அவர் முதல் தடவையாகத் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நம்பவில்லை போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரல்களைத் தளர்த்தினார்.

"பசாருக்கு வர்றேன்" என்றார். "வேலைக்கு இல்ல. அப்பம் பாலேக் திங்க."

நாலரை மணிக்குச் சந்தைக்குப் போனேன். அதிகாரி வந்ததும் ஓரமாகக் கூட்டிப் போய் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று திட்டம். அதற்காகத்தான் பட்டு பாஜு குரோங். ஆனால் கமலா ஒற்றை ஆளாக மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மழை வரும்போல இருந்ததால் கூட்டம் முண்டியடித்தது.

"டீச்சர், ஒரு கை குடுங்க. கொஞ்ச நேரம்தான்" என்று என் பதிலையும் எதிர்பாராமல் ரப்பர் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கூவினேன். இருபது வருடமாக எல்லோரையும் "ஷ்" என்று அடக்கிய தொண்டையிலிருந்து என்ன வரும்? வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல, "மீன் இருக்கு, மீன்" என்றேன். ஒரு மலாய்ப் பெரியம்மா செலார் மீனைக் காட்டி, புதுசா என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். கமலா கத்தியோடு திரும்பிப் பார்த்தார். ஒரு கெம்போங் கையிலிருந்து வழுக்கி என் செருப்புக்குள் விழுந்தது. முக்காடு மாதிரி போட்டிருந்த சால்வை சரிந்து ஐஸ் பெட்டிக்குள் போனது. எதிரே சவரி, கட்டம் போட்ட சட்டையில், வகிடெடுத்த தலையோடு அப்பம் பாலேக் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தமா, டீச்சர்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இரண்டு உதவியாளர்கள், ஒரு கேமராக்காரர். உதவியாளர்கள் கூட்டத்தில் பின்தங்கிவிட்டார்கள். அவர் நேராகக் கடைக்கு வந்தார். ஏப்ரனில் செதிலும் முகத்தில் வேர்வையுமாக, வார்த்தை வராமல் விழித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துப்புரவான சட்டையில் ஒரு மனிதர் மேற்பார்வை பார்க்கிறார். விண்ணப்பத்தை அவர் வழியில் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது, சவரிமுத்து ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. தான் பார்க்க வந்தது யாரை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

என் பக்கம் குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, உரக்க, "பண்டாய். பண்டாய்" என்றார். கெட்டிக்காரி, கெட்டிக்காரி. தோளில் தட்டினார். கேமரா மின்னியது. நான் வாயைத் திறந்தேன். "பேசவும் செய்கிறாரா?" என்று மலாயில் சவரியிடம் கேட்டார்.

"கொஞ்சம்" என்றார் சவரி.

"நீங்கள்தான் பொறுப்பாளரா?"

சவரி யோசித்தார். மீனுக்கு அவர்தானே பொறுப்பாளர். "ஆமா" என்றார்.

"வேலை எப்படிச் செய்கிறார்?"

சவரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருக்குப் பொய் வராது. "சுமார்தான். சத்தம் பத்தல."

"பரவாயில்லை, போகப் போக வந்துவிடும்" என்று அதிகாரி என் தோளில் இன்னொரு தடவை தட்டினார்.

கமலா மீன் வெட்டும் பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அப்போது வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள், டிப்ளமா வாங்கியவள், என் தலைக்கு மேலேயே என்னைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள், அன்பாகப் பேசுகிறார்கள், நான் நடுவில் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தட்டிய இடம் தோளில் உறைத்தது.

உதவியாளர் ஓடி வந்து காதில் சொன்னபோது அதிகாரியின் முகம் சிவந்தது. நல்ல மனிதர்தான், மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: சவரிமுத்துவுக்கு இன்று வேலை செய்ய விருப்பமில்லை.

"நான் வருவது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவர் சவரியிடமே கேட்டார், இப்போது சாதாரணக் குரலில். "இன்றைக்கு என்ன செய்கிறீர்கள்?"

"ரேஹாட்" என்றார் சவரி. ஓய்வு. மீதி அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கடைப் பக்கம் நடந்தார்.

வேன் அந்த வருடம் வரவில்லை. இதனால்தானா என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. நிர்வாகக் குழுவில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். ஆறு பேரையும் தினம் கூட்டி வர, தோட்டத்து லாரி, என் சின்னக் கார், பிலோமினா அக்கா வீட்டுக்காரரின் கார் என்று ஒன்றரை வருடம் நாய் படாத பாடு பட்டோம். நான் செய்தது சரியென்று அந்த ஆறு குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த வாரமும் சவரி சந்தைக்குப் போகவில்லை. கமலா மையத்துக்கே வந்தார்.

"நான் கேட்டுப் பாத்தேன், டீச்சர். வேலை பிடிச்சிருக்காம். மீனு பிடிச்சிருக்காம். நானும் பரவாயில்லையாம்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்து அவரப் பத்திப் பேசுறீங்கல்ல, அதுதான் பிடிக்கலயாம். மீனு வாங்க வர்றவங்ககிட்ட போய் அதெல்லாம் ஏன் டீச்சர் சொன்னீங்க?"

அதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல மாட்டேன். இன்று இங்கே பேச வருவதற்கு முன் சவரியிடம் போய், உங்கள் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். எது எது என்றார். முழுவதும் சொல்லிக் காட்டினேன். ஏலம் சரி, அப்பம் பாலேக் சரி, அதிகாரி ரொம்பச் சரி, அதைப் பெரிதாகச் சொல்லுங்கள் என்றார். நான் விருந்தினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அந்த மூன்று விஷயங்களையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

கமலா சொன்ன அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். பிலோமினா அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தும், கோத்தா கோலா மூடாவில் கேட்ட மாதிரி இது சுலபமாக வரவில்லை.

"நான் பேசுனது தப்பு, சவரி. உங்களக் கேக்காமப் பேசிட்டேன்."

"ம்."

"இனிமே யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்."

"ம்."

"வேலைக்குப் போறீங்களா?"

"போறேன். டீச்சர் வரக்கூடாது."

"நான் ஆளுங்களக் கூட்டிட்டு வரல. சும்மா மீன் வாங்க..."

"டீச்சர் வரக்கூடாது" என்றார் மறுபடியும். கோபமாக இல்லை. கடைக்கு இன்று லீவு என்று சொல்வது போல. உள்ளேயிருந்து பிலோமினா அக்கா, "டேய், டீச்சர்கிட்ட இப்படியா பேசுறது" என்றார். அப்புறம் அவரே சற்று மெதுவாக, "அவன் சொல்றதும் சரிதான்" என்றார்.

வியாழக்கிழமை சவரி பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. ஓய்வு பெறும்வரை ஐந்து வருடம் அந்தச் சந்தையில் மீன் வாங்கவில்லை. செர்டாங்கில் வீட்டை வைத்துக்கொண்டு மீனுக்காகப் பாரிட் புந்தாருக்குக் கார் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் சிரித்தார், பெட்ரோல் விலை ஏறியதும் நிறுத்திவிட்டார். சவரி வேலையை விட்டாரா, சேர்ந்தாரா, வியாழன் போய்ச் சனி போகாமல் இருந்தாரா, ஒன்றும் எனக்கு நேரில் தெரியாது. இரண்டு தெரு தள்ளி நிற்கும்போது குரல் கேட்டால் போயிருக்கிறார் என்று அர்த்தம். கேட்காவிட்டால் ரேஹாட். மையத்தில் மற்ற நாட்களில் என்னோடு நன்றாகத்தான் பேசினார், கோப்பி கேட்டார். சந்தையைப் பற்றி மட்டும் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் கோப்பில் நான் எழுதிய கடைசிக் குறிப்பு: "சந்தை வேலை அவருடைய சொந்த விஷயம்." மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். இதற்குமேல் விளக்கம் இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"சவரி, இப்ப நான் டீச்சர் இல்ல. சந்தைக்கு வரலாமா?"

என்னை நன்றாகப் பார்த்தார். நான் டீச்சர் இல்லாமல் எப்படி இருக்கிறேன் என்று பார்த்தார் போலிருக்கிறது.

"மீன் வாங்கவா?"

"மீன் வாங்க மட்டும்."

"வரிசைல நிக்கணும்."

"நிக்கிறேன்."

"பேசக்கூடாது."

"பேசல."

"வாங்க" என்றார்.

அந்த வியாழக்கிழமை போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர். குடையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். கமலா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மீனை வெட்ட ஆரம்பித்தார். என் முறை வந்தது. கெம்போங்கை விரலால் காட்டினேன். சவரி அதை விட்டுவிட்டு ஐஸுக்கு அடியிலிருந்து வேறு நான்கை எடுத்து, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் என் தோளுக்கு மேலாகப் பின்னால் இருந்தவரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அக்கா, தள்ளி நில்லுங்க. ஆளு வர்றாங்க."